ஒரே பொண்ணு, அஞ்சு விதமா பேரு: கனடா ஸ்பவுஸ் ஃபைல் ஒண்ணை சரிபண்ண கதை

கேஸ் இதுதான். மாப்பிள்ளை கனடால மிசிசாகால இருக்கான், எக்ஸ்பிரஸ் என்ட்ரில (படிப்பு, வேலை அனுபவத்துக்கு மார்க் போட்டு ஆள் எடுக்கற வழி) பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமை வாங்கி 2021ல போய் இறங்கினவன், இன்னும் இந்தியன் பாஸ்போர்ட்தான். பொண்ணு கும்பகோணம் பக்கம், 1995ல பொறந்தவங்க, எம்சிஏ முடிச்சிட்டு 2019லேர்ந்து ரெண்டு வருஷம் துபாய்ல வேலை பாத்துட்டு ஊருக்கே வந்துட்டாங்க. 2023 ஆவணில கல்யாணம், கோயில்ல முகூர்த்தம், கொஞ்ச நாள் கழிச்சு சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிவு. மாப்பிள்ளை லீவு முடிஞ்சு கிளம்பிட்டான், இனிமே ஸ்பான்சர் பண்ணி கூட்டிட்டுப் போகணும். பேரெல்லாம் மாத்தித்தான் சொல்றேன், அவனை அருண்னு வச்சுக்கங்க, அப்பா பேரு கந்தசாமி. அவங்க தேவி, அப்பா பேரு சண்முகம். அருண் நம்ம செட்டு, அதனால ஃபைல் அடுக்கறப்ப கூட உக்காந்தேன். காசு வாங்கிட்டு இந்த வேலைய பண்ணணும்னா கனடா சட்டப்படி லைசென்ஸ் வேணும், நான் காசு வாங்கற ஆளு இல்ல, ஃபார்ம் எல்லாம் அவங்களே ரொப்பி அவங்களே சப்மிட் பண்ணாங்க.

ஸ்பவுஸ் கேஸ்ல எல்லாரும் மொதல்ல பயப்படறது கல்யாணம் நெஜம்னு எப்படி நிரூபிக்கிறதுன்னுதான். போட்டோ, வாட்ஸப் சாட், ஃப்ளைட் டிக்கெட்டுன்னு கட்டுக்கட்டா சேப்பாங்க (போட்டோ 20க்கு மேல வேண்டாம்னு செக்லிஸ்ட்லயே போட்டிருக்கான், அது வேற விஷயம்). இங்க அதுல ஒரு கவலையும் இல்ல, ரெண்டு பக்கமும் ஊரைக் கூட்டி நடத்தின கல்யாணம். சிக்கல் எல்லாமே அதுக்கு முந்தின கட்டத்துல, அதாவது இந்த பேப்பர்ல இருக்கிற ஆளும் அந்த பேப்பர்ல இருக்கிற ஆளும் ஒருத்தர்தானாங்கிற கேள்வில.

தேவியோட பேப்பர் எல்லாத்தையும் ஒரு நாள் மேஜை மேல பரப்பிப் பாத்தோம். பாஸ்போர்ட்ல கிவன் நேம் கட்டத்துல 'தேவி சண்முகம்', சர்நேம் கட்டம் காலி. பத்தாவது மார்க் ஷீட்ல 'தேவி எஸ்'. ஆதார்ல 'எஸ் தேவி'. கல்யாணச் சான்றிதழ்ல தமிழ்ல 'ச. தேவி'. பர்த் சர்டிபிகேட்ல பேரே கெடையாது. பெண் குழந்தைன்னு இருக்கு, பொறந்த தேதி இருக்கு, அப்பா அம்மா பேரு இருக்கு, பதிவு எண் இருக்கு, பேரு எழுதற இடத்துல ஒரு கோடு. நம்ம ஊர்ல இது ரொம்ப சாதாரணம், ஆஸ்பத்திரியில பொறந்த உடனே பதிவு பண்ணிடுவாங்க, பேரு வைக்கிறது அப்புறம்தான், வச்சதுக்கப்புறம் யாரு நகராட்சிக்குப் போய் எழுதிட்டு வர்றது, ஸ்கூல்ல சேக்கறப்ப தேதி மட்டும் பாத்துட்டு விட்டுருப்பாங்க. நல்லவேளை தேதி எல்லா பேப்பர்லயும் ஒண்ணா இருந்துச்சு. ஸ்கூல்ல சேக்கறதுக்காக ஜூன் மாசத்துல ஒரு பொறந்தநாளும் ஜாதகத்துல ஒரு பொறந்தநாளுமா வாழறவங்க நம்மள்ல எத்தனை பேரு, அப்படி இருந்திருந்தா இது முழுக்க வேற கேஸா ஆகியிருக்கும்.

இதுல தேவியோட அம்மா பேரு தனிக் கதை. தேவி பர்த் சர்டிபிகேட்ல 'லெட்சுமி', தேவி பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல 'விஜயலட்சுமி'. வீட்ல கூப்பிடற பேரை ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க, அவ்ளோதான்.

இந்த சமயத்துலதான் ஊர்ல ஒரு டிராவல் ஏஜென்ட் தேவியோட அப்பாகிட்ட ஒரு ஐடியா குடுத்தார். 'பழசை விடுங்க சார், லேட் ரிஜிஸ்ட்ரேஷன்ல புதுசா ஒரு பர்த் சர்டிபிகேட் போட்டுடலாம், எல்லா பேரும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே கரெக்டா வந்துடும்'னு. கேக்க சுத்தமா இருக்கும். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, லேட்டா பதிவு பண்ணணும்னா மொதல்ல அந்தப் பொறப்பு எங்கயுமே பதிவாகலன்னு நகராட்சில ஒரு சான்று வாங்கணும், அதுக்கப்புறம் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) உத்தரவு, அப்புறம்தான் பதிவு. இங்க பதிவு ஏற்கனவே இருக்கு, நம்பரோட இருக்கு. அப்ப 'பதிவே இல்ல'ன்னு எழுதிக் குடுக்கிறதே பொய். அப்படி எடுத்த பேப்பரை கனடாவுக்கு அனுப்பினா அது அவங்க குடிவரவுச் சட்டத்துல 40-ம் பிரிவு, தப்பான தகவல் குடுத்ததா எடுத்துக்கிட்டா 5 வருஷத்துக்குக் கதவை மூடிடுவான். பேரு இல்லாத ஒரு பழைய பர்த் சர்டிபிகேட்டால மட்டும் பொதுவா யாரும் ரிஜெக்ட் ஆகறதில்ல, ஒரே பொறப்புக்கு ரெண்டு பதிவு இருக்குன்னு தெரிஞ்சா கண்டிப்பா மாட்டிக்குவாங்க. தேவியோட அப்பா ரிட்டயர்ட் விஏஓ, சொன்ன உடனே அவருக்கே புரிஞ்சு போச்சு, ஏஜென்ட்டை அதோட விட்டுட்டார்.

அதனால மொதல்ல ஒரு முடிவு எடுத்தோம். எல்லா பேப்பரையும் ஒரே மாதிரி ஆக்கறது வேலை இல்ல. பாஸ்போர்ட்தான் அடிப்படை, அதுல இருக்கிற பேருதான் ஃபார்ம்ல வரும், விசால வரும், பிஆர் கார்டுல வரும், அதனால அதை ஒரு தடவை ஒழுங்கா சரிபண்ணணும், மத்ததெல்லாம் அந்தப் பேருக்கு எப்படி வந்து சேருதுன்னு காட்டினா போதும்.

இப்ப அந்த சர்நேம் கட்டம் காலியா இருக்கிறதுக்கு வருவோம், இதுலதான் நிறைய பேர் அசால்ட்டா விட்டுடறாங்க. ஐஆர்சிசி (கனடா குடிவரவுத் துறை) ஃபார்ம்ல பாஸ்போர்ட்ல சர்நேம் இல்லைன்னா கிவன் நேம்ல இருக்கிற முழுப் பேரையும் ஃபேமிலி நேம் கட்டத்துல போட்டுட்டு கிவன் நேமைக் காலியா விடச் சொல்றான். அப்படியே போட்டா ஃபைல் ஓடும், அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா போய் இறங்கினதுக்கப்புறம் பிஆர் பேப்பர்லேர்ந்து ஆரம்பிச்சு சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் வேண்டிய கனடா நம்பர்), ஹெல்த் கார்டு, லைசென்ஸ், பேங்க்னு எல்லா எடத்துலயும் மொதப் பேரே இல்லாத ஆளா நிக்கணும், ஆன்லைன் ஃபார்ம் பாதி ஒத்துக்காது, ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி டைப் பண்ணி வைப்பான். 2022 நவம்பர்ல யுஏஇ ஒத்தப் பேரு பாஸ்போர்ட்காரங்களுக்கு டூரிஸ்ட், விசிட் விசால கட்டுப்பாடு கொண்டுவந்தப்ப எத்தனை பேர் ஏர்போர்ட்ல அல்லாடினாங்கன்னு ஞாபகம் இருக்கும். தேவிக்கு பேரு ரெண்டு வார்த்தையா இருந்ததால அந்த வகைல வராது, இருந்தாலும் கட்டம் காலிங்கிறது காலிதான்.

அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ பண்ணிடுங்கன்னு சொன்னேன். கிவன் நேம் 'தேவி', சர்நேம் 'சண்முகம்', இருக்கிற பேரையே ரெண்டா பிரிக்கிறது மட்டும்தான், புதுப் பேரு ஒண்ணும் இல்ல. 36 பக்க புக்குக்கு 1500 ரூபா, தத்கல்னா மேல 2000, அவசரம் இல்லாததால நார்மல்லயே போட்டாங்க. அதுக்கு முன்னாடி ஆதாரை மாத்தணும், ஏன்னா பாஸ்போர்ட் சேவா கவுண்டர்ல ஆதார்ல 'எஸ் தேவி'ன்னு இருக்கிறதைப் பாத்துட்டு திருப்பி அனுப்பற சான்ஸ் இருக்கு. ஆதார்ல பேரை வாழ்க்கைல ரெண்டே தடவைதான் மாத்த விடுவான், அதனால அதுல ஒண்ணை வீணாக்காம 'தேவி சண்முகம்'னு ஸ்பெல்லிங் உட்பட பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே போடச் சொன்னேன்.

இங்க குடும்பத்துல ஒரு சின்ன பஞ்சாயத்து. அருணோட அம்மா, 'எப்படியும் பாஸ்போர்ட்டை மாத்தறீங்க, அப்படியே தேவி அருண்னு போட்டுடுங்களேன்'னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல தப்பில்ல, ஊர்வழக்கம் அது. தேவி, 'இல்லத்தே, படிச்ச சர்டிபிகேட் துபாய் பேப்பர் எல்லாமே அப்பா பேருல இருக்கு, இப்ப மாத்தினா இன்னொரு பேரு கூடத்தான் ஆகும்'னு சொன்னாங்க, அத்தையும் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. கல்யாணம் ஆனா பேரை மாத்தியே ஆகணும்னு பாஸ்போர்ட் விதில எங்கயும் கெடையாது. அதுக்குப் பதிலா கடைசிப் பக்கத்துல ஸ்பவுஸ் நேம்னு ஒரு வரி இருக்கே, அதுல அருண் பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே 'அருண் கந்தசாமி'ன்னு சேத்தாங்க. இந்த ஒரு வரி பின்னாடி பெரிய உதவியா ஆச்சு, சொல்றேன்.

பர்த் சர்டிபிகேட்ல பேரு சேக்கற வேலை நகராட்சில. 1969 பொறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துல 14-ம் பிரிவுன்னு ஒண்ணு, பேரு இல்லாம பதிவான குழந்தைக்கு 12 மாசத்துக்குள்ள இலவசமா பேரு சேக்கலாம், அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட. 15 வருஷமும் தாண்டினவங்களுக்கு அரசாங்கம் அப்பப்ப கால அவகாசம் நீட்டிச்சுட்டு வந்திருக்கு, இந்த கேஸ் நடந்தப்ப அவகாசம் இருந்துச்சு, நீங்க போறப்ப இருக்கான்னு பொறப்பு இறப்புப் பதிவாளர்கிட்ட மொதல்ல கேட்டுக்கங்க. அப்பா அம்மா ஆதார், பத்தாவது மார்க் ஷீட், பழைய சர்டிபிகேட், ஒரு மனு, இவ்ளோதான். என்ன பேரு சேக்கறதுன்னு மட்டும் நெதானமா முடிவு பண்ணணும், ஏன்னா ஒருதடவை ஏத்திட்டா அப்புறம் மாத்தறது லேசுல நடக்காது. 'தேவி'ன்னு மட்டும் போடச் சொன்னோம், இனிஷியல் வேண்டாம், அப்பா பேரு தனிக் கட்டத்துல 'சண்முகம்'னு இருக்கவே இருக்கு, ரெண்டையும் சேத்துப் படிச்சா பாஸ்போர்ட் பேரு வந்துடுது. அம்மா பேரைத் திருத்தணும்னா அது வேற மனு, வேற ஆதாரம், இழுக்கும்னு தோணுச்சு, அதை அப்படியே விட்டுட்டு லெட்சுமியும் விஜயலட்சுமியும் ஒருத்தர்தான்னு அம்மாவே நோட்டரி முன்னாடி ஒரு அஃபிடவிட் குடுத்தாங்க, ரேஷன் கார்டு காப்பியும் கூட வச்சோம்.

அடுத்தது கல்யாணச் சான்றிதழ். 'க. அருண், த/பெ கந்தசாமி' 'ச. தேவி, த/பெ சண்முகம்'னு தமிழ்ல. இதைத் திருத்தலாம்னு போய் கேட்டா ரெண்டு பேரும் நேர்ல வாங்கன்னுட்டாங்க, அருண் அங்க இருக்கான். திருத்தாமயே விட்டோம், உத்துப் பாத்தா இந்த சர்டிபிகேட்டே தன்னைத்தானே விளக்குது: இனிஷியல் என்னன்னு அதே வரில அப்பா பேரு சொல்லுது. அருண் எந்த அருண்ங்கிறதுக்கு தேவியோட புது பாஸ்போர்ட்ல அந்த ஸ்பவுஸ் நேம் வரி பதில் சொல்லுது, ஒரு அரசாங்கம் குடுத்த பேப்பர் இன்னொண்ணைத் தாங்குது. அதுக்கு மேல ரெண்டு பேரும் ஆளுக்கொரு அஃபிடவிட், இன்ன இன்ன பேப்பர்ல இப்படி இப்படி இருக்கிறது நான்தான்னு.

தேதி விஷயத்துலயும் ஒரு வார்த்தை சொல்லிடணும், சான்றிதழ்ல ரெண்டு தேதி இருக்கும், கல்யாணம் நடந்த தேதி ஒண்ணு, பதிவு பண்ண தேதி ஒண்ணு. ஃபார்ம்ல கல்யாணத் தேதின்னு கேக்கற எடத்துல எல்லாம் நடந்த தேதியையே ஒரே மாதிரி போடணும், அருண் ஒரு ஃபார்ம்ல முகூர்த்த நாளும் தேவி இன்னொரு ஃபார்ம்ல பதிவு நாளும் போட்டு வச்சிருந்தாங்க, கடைசி நேரத்துல கண்ணுல பட்டுச்சு. விசா சீக்கிரம் கெடைக்கணும்னு நிச்சயம் முடிஞ்ச கையோட ரிஜிஸ்டர் மட்டும் பண்ணிட்டு ஆறு மாசம் கழிச்சு மண்டபத்துல தாலி கட்டறவங்க இருக்காங்க இல்லையா, அவங்க இன்னும் கவனமா இருக்கணும், சட்டப்படி கல்யாணம் எப்ப ஆச்சுன்னு அவங்களே குழம்பினா ஆபீசர் குழம்பாம என்ன பண்ணுவார். அதேமாதிரி ஒருத்தர் இங்க ஒருத்தர் வீடியோ கால்லன்னு பண்ற கல்யாணத்தை 2015 ஜூன்லேர்ந்து கனடா இதுக்கு ஏத்துக்கறதில்ல, ரெண்டு பேரும் அந்த எடத்துல நேர்ல இருந்திருக்கணும்.

மொழிபெயர்ப்புக்கு தேவியோட தாய்மாமா முன்வந்தார், ரிட்டயர்ட் இங்கிலீஷ் வாத்தியார், அவரை விட நல்லா யாரும் பண்ண மாட்டாங்க. ஆனா சொந்தக்காரங்க பண்ணது செல்லாது, வக்கீலா இருந்தாலும் செல்லாது. வெளில ஒருத்தர்கிட்ட குடுத்து, அவரு நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ண அஃபிடவிட்டோட, ஒரிஜினல் காப்பியும் பின்னாடி சேத்து ஒரே பிடிஎஃப்பா போட்டோம். மாமா ஒரு தடவை படிச்சுப் பாத்து ஸ்பெல்லிங் ரெண்டு எடத்துல புடிச்சுக் குடுத்தார், அது பெரிய உபகாரம், 'சண்முகம்'ல ஒரு எழுத்து பாஸ்போர்ட்ல இருக்கிறதுக்கு மாறா இருந்துச்சு.

போலீஸ் சர்டிபிகேட் ரெண்டு வேணும். 18 வயசுக்கப்புறம், கடைசி 10 வருஷத்துல தொடர்ந்து 6 மாசமோ அதுக்கு மேலயோ இருந்த ஒவ்வொரு நாட்டுலேர்ந்தும் கேப்பான். இந்தியாவுக்கு பாஸ்போர்ட் சேவாலயே பிசிசி, 500 ரூபா. இது புது பாஸ்போர்ட் வந்ததுக்கப்புறம்தான் போடணும், முன்னாடியே எடுத்து வச்சா பழைய நம்பர், பழைய பேரோட வரும், அப்புறம் அதுக்கும் ஒரு விளக்கம் எழுதணும். இப்ப குடியிருக்கிற நாட்டோட சர்டிபிகேட் அப்ளை பண்றதுக்கு முந்தின 6 மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். துபாய் சர்டிபிகேட்டுக்கு தேவிகிட்ட எமிரேட்ஸ் ஐடி காப்பியும் பழைய விசா பக்கமும் பத்திரமா இருந்ததால கெடைச்சுடுச்சு, ஆனா அதுல பழைய பாஸ்போர்ட் பேருதான், சர்நேம் இல்லாம. அதனால கேன்சல் பண்ணி மூலைய வெட்டித் திருப்பிக் குடுத்த பழைய பாஸ்போர்ட்டையும் ஸ்கேன் பண்ணி சேத்தோம். தயவுசெஞ்சு பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அது செத்துப்போன பேப்பர் இல்ல, பழைய பேருக்கும் புதுப் பேருக்கும் நடுவுல இருக்கிற ஒரே அரசாங்க சாட்சி அதுதான்.

ஸ்பான்சர் பக்கம் ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சோம். பிஆர் கார்டு ரெண்டு பக்கம், பாஸ்போர்ட், வேலை லெட்டர், சிஆர்ஏ (கனடா வரித்துறை) அசெஸ்மென்ட், அவ்ளோதானே. ஸ்பவுஸுக்கு பொதுவா குறைஞ்சபட்ச வருமானம்னு ஒண்ணும் கேக்கறதில்ல. ஆனா அசெஸ்மென்ட்டைத் தொறந்து பாத்தா 2023 டாக்ஸை அருண் 'சிங்கிள்'னு ஃபைல் பண்ணியிருக்கான், மனைவி கனடால இல்லையேன்னு அவன் கணக்கு. கல்யாணம் ஆன அடுத்த மாசம் முடியறதுக்குள்ள சிஆர்ஏகிட்ட சொல்லியிருக்கணும், ஆர்சி65னு ஒரு ஃபார்மே இருக்கு. ஒரு பக்கம் 2023ல கல்யாணம் ஆச்சுன்னு சொல்லிட்டு அதே கவர்மென்ட்டோட இன்னொரு டிபார்ட்மென்ட்ல அதே வருஷம் சிங்கிள்னு சொல்றது பாக்க நல்லா இல்ல, திருத்திட்டு திருத்தின பேப்பரையே வச்சான். கனடால இருக்கிற மாப்பிள்ளைங்க பொண்ணு வீட்டைப் போட்டு பேப்பர் பேப்பர்னு படுத்தறதுக்கு முன்னாடி இதை ஒருதடவை செக் பண்ணிக்கங்கப்பா.

பிஆர் அப்ளிகேஷனோட முக்கிய ஃபார்ம் ஐஎம்எம் 0008ல வேற பேரு எதாவது உபயோகிச்சிருக்கீங்களான்னு ஒரு கேள்வி வரும். பயந்துகிட்டு இல்லைன்னு போடறவங்க ஜாஸ்தி. தேவி ஆமான்னு போட்டு எஸ் தேவி, தேவி எஸ், சர்நேம் இல்லாத பழைய பாஸ்போர்ட் பேரு எல்லாத்தையும் எழுதினாங்க. கூடவே ஒரே ஒரு பக்கத்துல விளக்கக் கடிதம், தமிழ்நாட்டுல குடும்பப் பேருன்னு ஒண்ணு வழக்கத்துல இல்ல, அப்பா பேரோட மொத எழுத்து இனிஷியலா வரும்னு ரெண்டு வரி, அப்புறம் எந்தப் பேப்பர்ல என்ன பேரு, ஏன்னு. நம்ம ஆளுங்க இந்த லெட்டரை நாலு பக்கத்துக்கு எழுதி நடுவுல காதல், குடும்ப கௌரவம் எல்லாம் சேத்துடுவாங்க, வேண்டாம், ஆபீசருக்குத் தேவை எந்த பிடிஎஃப்ல எந்தப் பக்கத்தைப் பாக்கணுங்கறது மட்டும்தான்.

2024 கோடைல போர்ட்டல்ல சப்மிட் பண்ணாங்க, அந்த சமயத்துல ஃபீஸ் மொத்தம் 1205 கனடா டாலர் (ஸ்பான்சர்ஷிப் 85, ப்ராசசிங் 545, பிஆர் உரிமைக் கட்டணம் 575), பயோமெட்ரிக் 85 தனி. பயோமெட்ரிக், மெடிக்கல் எல்லாம் வழக்கம்போல போச்சு. ஒரே ஒரு கேள்வி வந்துச்சு, பேரைப் பத்தி இல்ல, துபாய்ல இருந்த காலத்துக்கு விசா ஸ்டாம்ப் இருக்கிற பக்கங்கள் எல்லாம் தெளிவா வேணும்னு. பழைய பாஸ்போர்ட் கைல இருந்ததால அன்னைக்கே திரும்ப ஸ்கேன் பண்ணிப் போட்டாச்சு. பேரு விஷயத்துல ஒரு கேள்வி கூட வரல, பாஸ்போர்ட் அனுப்பச் சொல்லி, விசா ஒட்டி, சிஓபிஆர் (பிஆர் குடுத்ததை உறுதி பண்ற பேப்பர்) வந்து, தேவி இப்ப மிசிசாகால. சிஓபிஆர்ல பேரு, பொறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் மூணையும் பிளைட் ஏறறதுக்கு முன்னாடியே எழுத்தெழுத்தா சரி பாத்துட்டாங்க.

பாக்கி இருக்கிறது அந்த லெட்சுமி விஜயலட்சுமி மட்டும்தான். தேவியோட அம்மாவுக்கு இதுவரைக்கும் பாஸ்போர்ட்டே கெடையாது. ஒரு நாள் சூப்பர் விசால (அப்பா அம்மா வந்து ரொம்ப நாள் தங்கறதுக்கான விசா) கூப்பிடணும்னா பொண்ணோட பர்த் சர்டிபிகேட்தான் இவங்க அம்மாங்கறதுக்கு ஆதாரமா போகும், அதுல லெட்சுமி. அதனால இப்பவே அவசரம் இல்லாதப்ப நகராட்சில திருத்தல் மனு போடச் சொல்லியிருக்கேன். அது முடியறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு பாஸ்போர்ட் அப்ளை பண்ண வேண்டாம்னும் சொல்லியிருக்கேன்.